ஒரு கிழங்குக்கு ஒன்பது பெயர்: ஜெர்மன் வட்டார வழக்குகளில் ஒரு சொல்லைத் துரத்திப் பிடிப்பது எப்படி?

ஜெர்மன் வகுப்பில் உருளைக்கிழங்குக்கு ஒரே ஒரு சொல்தான் சொல்லித்தருவார்கள்: கார்டோஃபெல். அதை மனப்பாடம் செய்துகொண்டு வியன்னா சந்தைக்குப் போனால், விலைப்பலகையில் ‘எர்டெப்ஃபெல்’ என்று எழுதியிருக்கும். கைசர்ஸ்லவுட்டர்ன் பக்கம் போனால் ‘க்ரும்பேர’. லக்சம்பர்கில் ‘க்ரோம்பர்’. ஆஸ்திரியாவின் மேற்குக் கோடியான ஃபோரார்ல்பெர்கில் ‘போடபீர’. கொலோனில் ‘ஏடாப்பெல்’, வடக்கே மெக்லன்பர்கில் ‘ட்யுஃபெல்’. பெர்லினுக்கு வடகிழக்கே உக்கர்மார்க் என்ற வட்டாரத்தில் பழைய ஆட்கள் இதே கிழங்கை ‘நூடல்’ என்று சொல்லியிருக்கிறார்கள். சூரிச்சில் ‘ஹேர்டெப்ஃபெல்’, சுவிட்சர்லாந்தில் வளரும் ஈழத்தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, பள்ளிக்கூடத்திலேயே காதில் விழுந்திருக்கும்.

ஒரு ஜெர்மன் சொல் எங்கிருந்து வந்தது, ஊருக்கு ஊர் ஏன் மாறுகிறது என்று தேட விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உதாரணத்துக்கு இந்தக் கிழங்கையே எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. தண்ணீர், கை, தாய் போன்ற சொற்கள் எழுத்து தோன்றுவதற்கு முன்பே வேர்விட்டவை. ஆரம்பத்தைப் பார்க்க முடியாது. உருளைக்கிழங்கு 16ஆம் நூற்றாண்டில் வந்த விருந்தாளி. பெயர் வைத்ததிலிருந்து பெயர் மாறியது வரை எல்லாம் காகிதத்தில் இருக்கிறது. முறையைக் கற்றுக்கொள்ள இதைவிட வசதியான சொல் கிடைக்காது.

படி 1: கேள்வியை இரண்டாகப் பிரியுங்கள்

‘இந்தப் பொருளுக்கு எங்கெங்கே என்னென்ன பெயர்?’ என்பது ஒரு கேள்வி. ‘இந்தப் பெயர் எங்கெங்கே எந்தெந்தப் பொருளைக் குறிக்கிறது?’ என்பது வேறொரு கேள்வி. புதிதாகத் தேடுகிறவர்கள் இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டுவிட்டு, பாதியில் நூல் சிக்கி நிற்பார்கள்.

நோட்டில் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். முதல் பக்கத்தில் கிழங்கு, அதன் கீழே மேலே சொன்ன பெயர்கள். இரண்டாவது பக்கத்தில் ஒரு பெயர், உதாரணமாக ‘எர்டாப்ஃபெல்’ (இதன் பன்மைதான் சந்தைப் பலகையில் பார்த்த எர்டெப்ஃபெல்). அதன் கீழே அது குறித்த பொருள்கள். இந்த இரண்டாவது பட்டியல் ஆச்சரியமாக இருக்கும்: வெள்ளரி, முலாம்பழம், பூசணி, சூரியகாந்தி இனத்தைச் சேர்ந்த டோபினம்பூர் கிழங்கு, கடைசியில்தான் உருளைக்கிழங்கு. போதாததற்கு ஒரு உலக உருண்டையும் உண்டு. மார்ட்டின் பெஹைம் 1492இல் நூரம்பெர்கில் செய்வித்த பூகோள உருண்டைக்குப் பெயரே ‘எர்டாப்ஃபெல்’தான். அதே ஊர் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. கொலம்பஸ் இன்னும் திரும்பி வராத வருஷம் அது. ஜெர்மனியில் யாரும் உருளைக்கிழங்கைக் கண்ணால் கண்டதில்லை. ஆக, சொல் கிழங்குக்கு முந்தையது.

படி 2: முதலில் வரைபடம், அப்புறம் அகராதி

அகராதியைத் திறந்தால் ஒரு விடை கிடைத்துவிடும், அதோடு தேடல் நின்றுவிடும். வரைபடம் அப்படி நிறுத்தாது.

ஜெர்மன்காரர்கள் இந்த விஷயத்தில் பிடிவாதக்காரர்கள். கேயோர்க் வெங்கர் என்பவர் 1876இல் கிராமப் பள்ளி ஆசிரியர்களுக்குச் சில வாக்கியங்களை அனுப்பி, ‘உங்கள் ஊர்ப் பேச்சில் எழுதி அனுப்புங்கள்’ என்று கேட்டார். அது பிறகு நாடு முழுக்கப் பரவி, மார்புர்க் நகரில் பெரிய வரைபடத் திட்டமாக வளர்ந்தது. வெங்கர் கவனித்தது பெரும்பாலும் ஒலியை. சொற்களைக் கேட்டுத் தனியாக ஒரு கணக்கெடுப்பை வால்ட்டர் மிட்ஸ்கா 1939இல் தொடங்கினார். ஏறத்தாழ 200 பொருள்களுக்கு ஊர்ப்பெயர் கேட்டார். அந்த வரைபடத் தொகுதியில் நம் கிழங்கும் இருக்கிறது.

இன்றைய நிலவரத்துக்கு ஷ்டெஃபன் எல்ஸ்பாஸ், ராபர்ட் மொல்லர் இருவரும் 2003 முதல் இணையவழி நடத்திவரும் அன்றாட ஜெர்மன் வரைபடத்தைப் பாருங்கள். இலவசம். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பக்கம், வண்ணப் புள்ளிகள், கீழே விளக்கம்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. மிட்ஸ்கா கேட்டது கிராமத்து வழக்கை. எல்ஸ்பாஸும் மொல்லரும் கேட்பது நகரத்தில் சாதாரணமாக மக்கள் பேசுவதை. ‘அப்போது க்ரும்பேர, இப்போது கார்டோஃபெல், ஆகவே வழக்கு செத்துவிட்டது’ என்று எழுதிவிடாதீர்கள். கேள்வியே வேறு.

படி 3: ஒலியை உரித்துப் பாருங்கள்

இங்கேதான் அதிக நேரம் செலவாகும், ஆனால் சுவையும் இங்கேதான். ஒன்பது பெயர்கள் என்று தலைப்பில் சொன்னேனே, அவை உண்மையில் ஒன்பது இல்லை.

முதலில் ஏடாப்பெல், எர்டாப்ஃபெல், ஹேர்டெப்ஃபெல். மூன்றும் ‘மண்ணின் ஆப்பிள்’ என்ற ஒரே சேர்க்கை. நடுவில் வித்தியாசம் ஒரு மெய்யில்தான்: வடக்கே ‘ப்ப’, தெற்கே ‘ப்ஃப’. ஏறத்தாழ 6 முதல் 8ஆம் நூற்றாண்டுக்குள் தென்பகுதி ஜெர்மனில் ப, ட, க ஒலிகள் இடம்பெயர்ந்தன. வடக்கே அந்த மாற்றம் போகவில்லை. நடுப்பகுதிக்குப் பாதிதான் போனது. ஆப்பிளை ‘அப்பெல்’ என்பவரையும் ‘அப்ஃபெல்’ என்பவரையும் பிரிக்கும் எல்லைக்கோடு ரைன் நதியை ஷ்பெயர் நகரத்தருகே கடக்கிறது. அதற்கு ஷ்பெயர் கோடு என்றே பெயர். கொலோன் அதற்கு வடக்கே இருப்பதால் அங்கே ‘அப்பெல்’.

இதை வைத்து ‘கொலோனின் ஏடாப்பெல் வியன்னாவின் எர்டாப்ஃபெலைவிடப் பழையது’ என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. கிழங்கு வந்தபோது ஒலி மாற்றம் முடிந்து எண்ணூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஒவ்வொரு ஊரும் தன்னிடம் ஏற்கெனவே இருந்த ஆப்பிளை எடுத்து இதன் தலையில் வைத்தது, அவ்வளவுதான். ஒலி வேறுபாடு ஆப்பிளின் வயதைச் சொல்லும், கிழங்குப் பெயரின் வயதைச் சொல்லாது.

சுவிஸ் வடிவத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. பொது ஜெர்மனில் ‘ஹேர்ட்’ என்றால் அடுப்பு. அதனால் ‘அடுப்பு ஆப்பிள், அடுப்பில் சுடுவதால் வந்த பெயர்’ என்று கதை கட்டத் தோன்றும். சுவிஸ் பேச்சில் ‘ஹேர்ட்’ என்றால் மண். கதை அங்கேயே முடிந்தது.

அடுத்த கூட்டம் க்ரும்பேர, க்ரோம்பர். இவற்றின் மூலம் ‘க்ருண்ட்பிர்ன’, அதாவது ‘நிலத்துப் பேரிக்காய்’. ‘ண்ட்’டும் ‘ப’வும் மோதும் இடத்தில் நாக்கு சோம்பல்பட்டு ‘ம்ப’ ஆகிவிட்டது. இதுவரை எளிது. ஆனால் வால்பகுதியைப் பாருங்கள்: ‘பேர’. பொது ஜெர்மனில் ‘பேர’ என்றால் சிறுகனி. ஸ்ட்ராபெரிக்கு ‘எர்ட்பேர’ என்றுதான் பெயர். கைசர்ஸ்லவுட்டர்ன் இருக்கும் ஃபால்ட்ஸ் வட்டாரத்தில் பேரிக்காயையே ‘பேர்’ என்று சொல்வார்கள் என்பது தெரியாவிட்டால், உருளைக்கிழங்கை பெரிப்பழ வகையில் சேர்த்துவிடுவோம். அந்த வட்டார வடிவம் கொச்சையும் அல்ல. பழைய ஜெர்மனில் பேரிக்காய்க்கு ‘பிர’. இன்றைய ‘பிர்ன’வில் இருக்கும் ‘ன’ பன்மையிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. கிராமத்து நாக்கு பழசைக் காப்பாற்றி வைத்திருக்கிறது, அகராதி ஜெர்மன்தான் மாறிப்போனது.

‘க்ரும்’ என்ற தலைப்பகுதியும் ஆளை ஏமாற்றும். ‘க்ரும்’ என்றால் கோணல் என்று ஒரு சொல் உண்டு. ‘கோணல்மாணலான காய்’ என்று உள்ளூர்க்காரரே விளக்கம் சொல்லக்கூடும். மரியாதையாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் மூலம் என்ற பகுதியில் எழுதாதீர்கள். மக்கள் தங்கள் சொல்லுக்குச் சொல்லும் விளக்கம் ஒரு தகவல்தான், சான்று அல்ல. ஃபோரார்ல்பெர்கின் ‘போடபீர’வும் இதே பேரிக்காய்க் குடும்பம். முன்னால் ‘போடன்’, அதாவது தரை.

மிச்சம் கார்டோஃபெலும் ட்யுஃபெலும். கார்டோஃபெலைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். அழுத்தம் இரண்டாவது அசையில் விழும். சொந்த ஜெர்மன் பெயர்ச்சொற்கள் முதல் அசையில் அழுத்துவதுதான் வழக்கம். இது வெளியூர்ச் சரக்கு என்பதற்கு முதல் அடையாளம் அது. இரண்டாவது அடையாளம், ஒலி மாற்றத்தில் தெற்கே ‘ட்ஸ்’ ஆகியிருக்க வேண்டிய ‘ட’ அப்படியே இருப்பது. அதாவது மாற்றம் முடிந்த பிறகு உள்ளே வந்தது. வடக்கத்தியர் அழுத்தமில்லாத முதல் அசையை விழுங்கிவிட்டு ‘ட்யுஃபெல்’ என்றார்கள்.

ஆக ஒன்பது பெயர்கள் மண் ஆப்பிள், நிலப் பேரிக்காய், கார்டோஃபெல் என்று மூன்றாகச் சுருங்கிவிட்டன. ‘நூடல்’ மட்டும் தனிக்கட்டை.

படி 4: சொல்லுக்கு முன் பொருள் எந்த வழியாக வந்தது?

இந்தப் படியைத்தான் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். என் கணக்கில் மொத்த வேலையில் பாதி இதுதான். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்தைச் சேர்ந்த ருடோல்ஃப் மெரிங்கர் போன்றவர்கள் இதை ஒரு கொள்கையாகவே ஆக்கி, 1909இல் ‘சொற்களும் பொருள்களும்’ என்று பொருள்படும் பெயரில் ஓர் ஆய்விதழ் தொடங்கினார்கள். கலப்பை தெரியாமல் கலப்பையின் பெயரை ஆராயாதே என்பது அவர்கள் கட்சி.

நம் கிழங்கின் பாதை இது. 1588 ஜனவரியில் வியன்னாவில் இருந்த தாவரவியலாளர் கரோலஸ் க்ளூசியஸுக்கு, இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் மோன்ஸ் நகர ஆளுநர் ஃபிலிப் த சிவ்ரியிடமிருந்து சில கிழங்குகள் வந்தன. அந்தச் செடியின் நீர்வண்ண ஓவியம் ஒன்று ஆண்ட்வெர்ப் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஓவியத்தில் எழுதியிருக்கும் குறிப்பில் கிழங்கின் பெயர் ‘தாராதூஃப்ளி’. இத்தாலியச் சொல் அது. ட்ரஃபிள் என்னும் மண்ணுக்கடியில் விளையும் விலையுயர்ந்த காளானுக்கு இத்தாலியனில் ‘தார்த்தூஃபோ’. அதைச் செல்லமாகச் சுருக்கி ‘தார்த்தூஃபொலோ’. தோண்டி எடுக்கும் உருண்டை என்பதால் கிழங்குக்கும் அதே பெயர்.

கிழங்கு வந்த வழி இது ஒன்று மட்டும் இல்லை. வடமேற்கு இத்தாலியின் பியட்மாண்ட் பள்ளத்தாக்குகளிலிருந்து மத ஒடுக்குமுறைக்குத் தப்பி வந்த வால்டென்சியர்கள் என்ற கிறித்தவப் பிரிவினர், 1701இல் தென்மேற்கு ஜெர்மனியில் வ்யூர்டம்பெர்கின் ஷ்யோனன்பெர்கில் இதைப் பயிரிட்டார்கள். கிழங்கு இப்படிப் பல வாசல் வழியாக நுழைந்ததால்தான் பெயரும் பலவாக நின்றது. அரசரே ஆணை போட்டபோதுகூடப் பெயர் கெட்டிப்படவில்லை. பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃப்ரீட்ரிஹ் 1756 மார்ச் 24 அன்று அனுப்பிய சுற்றறிக்கையில் ‘டார்டோஃபெல்ன் எனப்படுபவை’ என்று இருக்கிறது. ‘எனப்படுபவை’ என்ற அடைமொழியைக் கவனியுங்கள். படிக்கிற அதிகாரிக்கு இன்னும் பழகாத சொல் என்பது அதிலேயே தெரிகிறது. முதலெழுத்து ‘ட’ என்பதையும் கவனியுங்கள். டார்டோஃபெலில் இரண்டு ‘ட’ அடுத்தடுத்து வந்ததால் முதலாவது விலகி ‘க’ ஆனது. 18ஆம் நூற்றாண்டில்தான் இந்தக் ‘க’ வடிவம் பரவி வென்றது.

இன்னும் ஒரு அடி தோண்டினால் ‘தார்த்தூஃபோ’வே லத்தீனில் ‘மண்ணின் முண்டு’ என்று பொருள்தரும் ‘தெர்ரே தூபெர்’ என்ற தொடரின் உருமாற்றம். மண் ஆப்பிள், நிலப் பேரிக்காய், தரைப் பேரிக்காய், மண் முண்டு! அந்நியமாகத் தெரிந்த கார்டோஃபெலுக்குள்ளும் மண்தான் ஒளிந்திருக்கிறது.

படி 5: பழைய ஆவணத்தைச் சந்தேகத்தோடு படியுங்கள்

‘எர்டாப்ஃபெல்’ கி.பி. 1000ஐ ஒட்டியே எழுத்தில் கிடைக்கிறது. லத்தீனில் ‘மண்ணின் ஆப்பிள்’ என்றிருந்ததை மடத்துத் துறவிகள் அப்படியே பெயர்த்த சொல் அது. தரையில் படர்ந்து உருண்டையாகக் காய்க்கிற எதற்கும் அதைப் பயன்படுத்தினார்கள்.

சிக்கல் 17ஆம் நூற்றாண்டில் வருகிறது. அமெரிக்காவிலிருந்து உருளைக்கிழங்கும் டோபினம்பூரும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் வந்து, இரண்டும் மண் ஆப்பிள், மண் பேரிக்காய் என்ற பெயர்களைப் பகிர்ந்துகொண்டன. ஆகவே அக்காலத்துச் சமையல் குறிப்பிலோ வரிக்கணக்கிலோ இந்தச் சொல்லைக் கண்டதும் ‘இங்கே அப்போதே உருளை விளைந்தது’ என்று குதிக்க வேண்டாம். பக்கத்து வரிகளைப் படியுங்கள். ஆளுயரத்துக்கு வளரும் செடி, மஞ்சள் பூ என்று இருந்தால் அது டோபினம்பூர். வெள்ளை அல்லது ஊதாப் பூ, வேகவைத்தால் மாவு என்றால் நம் ஆள்.

படி 6: எந்த அகராதி, அதில் எந்த இடம்

எல்லாவற்றையும் வாங்க வேண்டியதில்லை. ட்ரியர் பல்கலைக்கழகத்தின் அகராதி வலைத்தளத்தில் க்ரிம் சகோதரர்களின் பேரகராதி, ஃபால்ட்ஸ், ரைன்லாந்து, அல்சாஸ் வட்டார அகராதிகள் எல்லாம் ஒரே தேடுபெட்டியில் கிடைக்கின்றன. சொல்மூலத்துக்குப் பெர்லினின் இணைய அகராதியில் வோல்ஃப்காங் பிஃபைஃபரின் பதிவுகளைப் பாருங்கள், சுருக்கமானவை, நம்பலாம்.

க்ரிம் அகராதி 1854இல் முதல் தொகுதி வந்து 1961இல்தான் முடிந்தது. அதனால் பதிவு எந்த வருஷத்தது என்று பார்க்காமல் மேற்கோள் காட்டக் கூடாது. ‘எர்டாப்ஃபெல்’ வரும் தொகுதி 1862. யாகோப் க்ரிம் உயிரோடு இருந்தபோது வந்தது. ‘கார்டோஃபெல்’ வரும் தொகுதி 1873. யாகோப் இறந்து பத்து வருஷம் கழித்து ருடோல்ஃப் ஹில்டெப்ராண்ட் எழுதியது. ஒரே அகராதியானாலும் இரண்டும் வேறு கை.

சுவிஸ் அகராதியான இடியோட்டிகோனில் புதியவர்கள் நிச்சயம் தடுமாறுவார்கள். அங்கே அகர வரிசை கிடையாது. உயிரெழுத்து ஊருக்கு ஊர் மாறும் என்பதால் மெய்யெழுத்துகளின் எலும்புக்கூட்டை வைத்து அடுக்கியிருக்கிறார்கள். கூட்டுச்சொல்லை அதன் கடைசிப் பகுதியின் கீழே வைத்திருக்கிறார்கள். ஹேர்டெப்ஃபெலை ‘ஹ’வில் தேடினால் கிடைக்காது, ஆப்பிளுக்குக் கீழே போக வேண்டும். பிற வட்டார அகராதிகளிலும் பேச்சு வடிவத்தை அப்படியே தட்டாமல், பொது ஜெர்மன் வடிவத்துக்கு மாற்றித் தேடுங்கள்: க்ரும்பேர அல்ல, க்ருண்ட்பிர்ன.

படி 7: எல்லையைத் தாண்டுங்கள்

அண்டை மொழிகள் கடன்வாங்கிய சொல்லைத் திருப்பித் தருவதில்லை. அதனால் ஜெர்மனில் தேய்ந்துபோனது அங்கே பத்திரமாக இருக்கும். செர்பியன், ஸ்லோவேனியன் மொழிகளில் ‘க்ரோம்பிர்’, குரோவேஷியனில் ‘க்ரும்பிர்’, ஹங்கேரியனில் ‘க்ரும்ப்ளி’. எல்லாம் நம் நிலப் பேரிக்காய்தான். ஆஸ்திரியாவின் கிழக்கு ஓரமான பர்கன்லாண்டில் இதை ‘க்ரும்பிர்ன்’ என்பார்கள். சொல் எந்த வாசல் வழியாகக் கிளம்பியது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம். ரஷ்யன், டேனிஷ், ஐஸ்லாந்து மொழிகள் கார்டோஃபெலை எடுத்துக்கொண்டன. செக் மொழியில் ‘ப்ராம்போர்’. அது ப்ராண்டன்பர்க் என்ற ஊர்ப்பெயர். அமெரிக்காவில் பென்சில்வேனியா ஜெர்மன் பேசுகிறவர்கள் ‘க்ரும்பேர’ என்கிறார்கள். அவர்களின் முன்னோர் எந்தப் பக்கத்திலிருந்து கப்பல் ஏறினார்கள் என்பது இந்த ஒரு சொல்லிலேயே தெரிந்துவிடுகிறது.

படி 8: சமையலறையிலும் தெருவிலும் கேளுங்கள்

தனிச்சொல் மறைந்தாலும் பலகாரத்தின் பெயரில் தங்கிவிடும். லக்சம்பர்கில் துருவிய உருளைக்கிழங்கில் பொரிக்கும் வடைக்கு ‘க்ரோம்பரகீஷெல்ஷர்’. சுவிஸ் மசியலுக்கு ‘ஹேர்டெப்ஃபெல்ஷ்டோக்’. எனக்குப் பிடித்தது கொலோன்காரர்களின் ‘ஹிம்மெல் உன் ஏட்’: வானமும் மண்ணும். மசித்த ஆப்பிளும் மசித்த உருளையும், மேலே வதக்கிய இரத்தத் தொத்திறைச்சி. மரத்து ஆப்பிள் வானம், ஏடாப்பெல் மண். பெயருக்குள் இருக்கும் ‘மண்’ என்ற பொருளைப் பேசுகிறவர்கள் இன்னும் உணர்கிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் தட்டில் கிடைக்காது.

தெருவில் கார்டோஃபெலுக்கு வேறு வேலைகளும் உண்டு: தடித்த உருண்டை மூக்கு, காலுறையில் விழுந்த பெரிய ஓட்டை. குடியேறியவர்களின் பிள்ளைகள் வாயில், பூர்வீக ஜெர்மன்காரருக்குக் கிண்டல் பெயர். இவற்றையும் இரண்டாவது பக்கத்தில் சேர்த்துவிடுங்கள்.

கடைசியாக, எல்லோரும் சொல்லும் கதையைச் சரிபாருங்கள். ஆஸ்திரியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது தங்கள் எர்டெப்ஃபெல் என்ற சொல்லுக்குச் சட்டப் பாதுகாப்பு வாங்கிக்கொண்டது என்பார்கள். வியன்னா மேயர் ஹெல்முட் ட்சில்க் ‘எர்டெப்ஃபெல் சாலட் எர்டெப்ஃபெல் சாலட்டாகவே இருக்கும்’ என்று பிரசாரம் செய்தது உண்மை. சேர்க்கை ஒப்பந்தத்தின் பத்தாவது நெறிமுறையில் 23 ஆஸ்திரிய உணவுச் சொற்கள் இருப்பதும் உண்மை. தக்காளிக்குப் ‘பாரடைசர்’, ஆப்ரிகாட்டுக்கு ‘மரீலன்’, தயிர்க்கட்டிக்கு ‘டோப்ஃபன்’ எல்லாம் அதில் இருக்கின்றன. எர்டெப்ஃபெலும் இருக்கிறது, ஆக இந்தக் கதை சரிதான். பட்டியலை ஒருமுறை எடுத்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிகிற விஷயம்.

கைப்பழக்கத்துக்கு ஒரு சொல்

அடுத்து ‘ஃபன்கூகன்’ எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியின் பெரும்பகுதியில் அது தோசைக்கல்லில் ஊற்றுகிற முட்டைப் பணியாரம். பெர்லினில் அதே சொல் ஜாம் அடைத்து எண்ணெயில் பொரித்த உருண்டை. அந்த உருண்டையை மற்ற ஊர்க்காரர்கள் பலரும் ‘பெர்லினர்’ என்கிறார்கள். பெர்லின்காரர் மட்டும் சொல்ல மாட்டார். தெற்கே ‘க்ராப்ஃபன்’, ஹெசன் பக்கம் ‘க்ரெப்பெல்’. கடைசி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு மூன்றாவது படிக்குப் போங்கள். ‘ப்ஃப’வும் ‘ப்ப’வும் அங்கே காத்திருக்கின்றன.